சின்னப் படங்கள்: எதைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது, எப்படிக் காட்டுவது? குமரி மாவட்டத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் வட்டாரத்தில் குறைந்த செலவில் எடுத்த படங்களைத் தேடிப் பார்ப்பவர்களும், ஊர் நூலகத்திலோ கோவில் பங்கு மன்றத்திலோ (கிறிஸ்தவப் பங்கின் கூடம்) திரை கட்டிக் காட்டுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறவை இவை. பாதிக் கேள்விகள் எந்தப் படம் என்பது பற்றி. மீதி, படத்தைக் கெடுக்காமல் பார்ப்பது எப்படி என்பது பற்றி. இரண்டையும் பிரிக்க முடியவில்லை. பெரிய படம் மட்டமான ஸ்பீக்கரிலும் தாக்குப்பிடித்துவிடும். பாட்டும் சண்டையும் அதை இழுத்துக்கொண்டு போகும். அடுத்த வீட்டு மிக்சிச் சத்தத்தை நம்பி நிற்கிற படம் அப்படித் தாங்காது. "போர்" என்று தள்ளப்பட்ட படங்களில் பாதி, செல்போனிலும் ஃபேன் இரைச்சலிலும் பார்த்துக் கெட்டவை.

லோ பட்ஜெட், சுயாதீனம், கலைப்படம்: எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. லோ பட்ஜெட் என்பது செலவுக் கணக்கு. சுயாதீனம் என்பது கதையையும் நடிகரையும் முடிவையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்பது. விஜய் சேதுபதி தயாரித்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) படத்தில் அவர் நடிக்கவில்லை. பெரும்பாலும் பழக்கமில்லாத முகங்கள், லெனின் பாரதி நினைத்த படம் அப்படியே வந்தது. அதைச் சுயாதீனப் படம் என்று சொல்லலாம். இரண்டு கோடியில் எடுத்து, கட்டாயத்துக்கு ஒரு குத்துப்பாட்டும் வைத்த படம் லோ பட்ஜெட் மட்டுமே. 'கலைப்படம்' என்பது பார்க்காதவர்கள் வைத்த பெயர்.

இதுவரை ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.

செழியனின் 'டு லெட்'. 2007இல் சென்னையில் ஐடி சம்பளம் வாடகையை ஏற்றிவிட்ட நேரம். கணவன், மனைவி, சின்னப் பையன் மூவரும் ஒரு மாதத்துக்குள் வீடு தேட வேண்டும். கதை அவ்வளவுதான். 65ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், தியேட்டருக்கு வந்தது 2019இல். பின்னணி இசை கிடையாது. வீட்டுக்காரர் மாடியில் நடக்கிற சத்தம், கேட் திறக்கிற சத்தம், பக்கத்து வீட்டு டிவி: இவைதான் இசை. வாடகை வீடு தேடி, "நீங்க எந்த ஆளுக?" என்ற கேள்வியைச் சந்தித்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

அதோடு பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே வாடகைக்குத் தேடுகிறார்கள், இங்கே கட்டுகிறார்கள். சிமென்ட் மூட்டை எங்கே காணாமல் போகிறது என்பதை அந்தப் படம் அளவுக்கு யாரும் துல்லியமாகக் காட்டியதில்லை. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை தேசிய விருது கிடைத்தது.

நம்ம மாவட்டத்து வாழ்க்கை தெரிகிற படம் உண்டா?

முதலில் 'ஒழிமுறி' (2012). மலையாளப் படம், இயக்கம் மதுபால், திரைக்கதை ஜெயமோகன். வயதான காலத்தில் மணவிலக்கு கேட்டு நீதிமன்றத்துக்கு வருகிற மீனாட்சி, அவள் மகன், கணவன். 'ஒழிமுறி' என்றால் மணமுறிவுப் பத்திரம். தாய்வழியில் சொத்து இறங்கும் மருமக்கத்தாய முறை உடைந்து ஆண் கைக்குச் சொத்து மாறிய காலத்தின் காயம் ஒரு குடும்பத்துக்குள் எப்படி இருந்தது என்பதைத் தென்திருவிதாங்கூர்ப் பேச்சிலேயே சொல்கிறது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்கள் சிரிக்கும் இடத்தில் கொச்சிக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். தகப்பனாகவும் தாத்தாவாகவும் லால் செய்த இரட்டை வேடத்துக்குத் தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

அடுத்தது வசந்த் எஸ். சாயின் 'சிவரஞ்சினியும் இன்னும் சில பெண்களும்'. அசோகமித்திரன், ஆதவன், ஜெயமோகன் ஆகிய மூவரின் சிறுகதைகளிலிருந்து மூன்று பகுதிகள். டைரி எழுதுகிற தேவகி சித்தியின் கதை ஜெயமோகனுடையது. மூன்றையும் ஒரே மூச்சில் பார்க்கத்தான் வேண்டும் என்றில்லை.

நேரடியாக நம் ஊர் இல்லை என்றாலும் 'அங்கம்மாள்' படத்தை இந்தப் பட்டியலில்தான் சேர்ப்போம். பெருமாள்முருகனின் 'கோடித்துணி' சிறுகதையிலிருந்து விபின் ராதாகிருஷ்ணன் எடுத்தது. கீதா கைலாசம் நடித்தது. ரவிக்கை போடாமலே வாழ்ந்த அம்மாவை, படித்த மகன் சம்பந்தி வீட்டார் முன்னால் ரவிக்கை போடச் சொல்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடத்தி 1859இல் திருவிதாங்கூர் அரசரின் பிரகடனத்தைப் பெற்ற மண் இது. அங்கே உடுத்த விடமாட்டேன் என்றார்கள், இங்கே உடுத்தித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் பெண்ணின் உடம்பைப் பற்றி முடிவெடுப்பது அடுத்தவர்தான். படம் முடிந்ததும் பேச்சு நிற்காது. மறுநாள் வேலை இருந்தால் நேரத்தோடு தொடங்குங்கள்.

ஒரு கிளைச் செய்தி. மலையாள சினிமாவின் தந்தை எனப்படும் ஜே.சி. டேனியல், கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1975இல் இறந்தது நம் அகஸ்தீஸ்வரத்தில்தான். சொந்த நிலத்தை விற்று 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். நாயகியாக நடித்த பி.கே. ரோசி தலித் பெண் என்பதால் திருவனந்தபுரத்தில் படம் காட்டிய இடத்திலேயே கலவரம் செய்தார்கள், அவரை ஊரைவிட்டே விரட்டினார்கள். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

'கூழாங்கல்' பார்த்தேன். நடந்துகொண்டே இருக்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது?

எதில் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பி.எஸ். வினோத்ராஜின் இந்தப் படம் 75 நிமிடம். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருது பெற்றது. குடிகாரத் தகப்பன், பள்ளிக்கூடத்துப் பையன், பேருந்துக் காசு இல்லாமல் வெயிலில் ஊர் திரும்புகிற நடை. இதில் வெயில் ஒரு பாத்திரம். செல்போன் திரையில் அந்த வெயில் வெறும் மஞ்சள் நிறம்தான். பெரிய திரையில் கண் கூசும். பையன் நாக்கடியில் போட்டுக்கொள்கிற கல்லைக் கவனித்தீர்களா? வீட்டுக்கு வந்து அதை அவன் எங்கே வைக்கிறான்? அந்த ஒரு ஷாட்டைத் தவறவிட்டிருந்தால், மறுபடி பார்க்கத்தான் வேண்டும்.

இவருடைய அடுத்த படம் 'கொட்டுக்காளி' (2024). சூரியும் அன்னா பென்னும் நடித்தும், பின்னணி இசை அறவே இல்லை. இப்படிப்பட்ட படங்களுக்கு நம் மாவட்டத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்கும், அக்டோபருக்கு மேல் வரும் வடகிழக்கும் நமக்கு இரண்டுமே பெய்கிறது. தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ போட்ட கூடத்தில் மழை இறங்கினால் அமைதியான படம் அன்றோடு முடிந்தது. சத்தத்தைக் கூட்டினால் பேச்சு கரகரக்குமே தவிரத் தெளியாது. மழை மாதங்களில் கான்கிரீட் கூரை உள்ள இடம் கிடைக்காவிட்டால், பேச்சு நிறைந்த படமாகத் தேர்ந்தெடுங்கள். 'மண்டேலா' (2021) மாதிரி.

மலையாளப் படங்களில் எவற்றை எடுக்கலாம்? சப்டைட்டில் தேவைப்படுமா?

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் சேர்ந்து வந்த மாவட்டம் இது. களியக்காவிளையிலும் குழித்துறையிலும் மலையாளப் படத்துக்கு எழுத்து ஓடினால் "எதுக்கு மறைக்கிறே" என்பார்கள். ஆரல்வாய்மொழியிலும் அஞ்சுகிராமத்திலும் எழுத்து இல்லாவிட்டால் கால்வாசிப் பேர் எழுந்து போவார்கள். இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சிரித்துக்கொண்டே பார்க்க 'திங்களாழ்ச்ச நிச்சயம்' (2021): காஞ்ஞங்காட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள், பெரும்பாலும் புதுமுகங்கள். காரசாரமாக விவாதிக்க 'ஆட்டம்' (2023): பன்னிரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் உள்ள நாடகக் குழு, ஒரு பாலியல் புகார், நியாயம் பேசத் தொடங்கியவர்கள் ஒவ்வொருவராக எங்கே வழுக்குகிறார்கள் என்பதே படம். இதற்குச் சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. சனல்குமார் சசிதரனின் 'ஒழிவு திவசத்தெ களி' (2015) தேர்தல் நாளில் காட்டுக்குள் குடிக்கப் போகும் ஐந்து நண்பர்களைப் பற்றியது. முதல் பாதி வெட்டிப் பேச்சாகத் தோன்றும், கடைசிப் பகுதி ஒரே நீள ஷாட்டில் சாதியை நெஞ்சில் வைத்து அழுத்தும். சிறுவர்களை உட்கார வைக்க வேண்டாம்.

கடற்கரை ஊரில் ஒரு மாலை, மலையோர ஊரில் ஒரு மாலை காட்ட வேண்டும். எதை, எப்போது?

கடப்புறத்துக்கு 'ஈ.மா.யௌ' (2018). செல்லானம் கடற்கரையில் ஒரு லத்தீன் கத்தோலிக்க வீட்டுச் சாவு, மகன் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்த பெரிய அடக்கம், இடையில் மழை, பங்குச் சாமியார், போலீஸ். பெட்டி, பேண்டு, கல்லறைக்குழி என்று ஒவ்வொன்றும் நம் கரைக்குத் தெரிந்தது. சாமியார் பாத்திரம் கடுமையானது. பங்கு மன்றத்தில் காட்டுவதானால் பங்குப் பேரவை ஆட்கள் முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பாதியில் நிறுத்தச் சொல்வதைவிட முன்னாலேயே வேண்டாம் என்பது மேல்.

நாள்: ஞாயிறு மாலை. அன்று பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை. விசைப்படகுத் தடைக்காலம் நல்ல சமயம், ஆனால் அது மாவட்டத்துக்குள்ளேயே இரண்டாகப் பிரிகிறது. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பின்னது மழைக்காலம் என்பதால் திறந்த வெளி வேண்டாம். மழையே இல்லாவிட்டாலும் கடற்கரைக் காற்றில் எட்டடித் திரை பாய்மரம் ஆகிவிடும். மேலே மட்டும் கட்டினால் படம் அலையும், நான்கு பக்கமும் இறுக்கினால் கம்பே சாயும்.

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யைக் காட்டுங்கள். ஏலக்காய் மூட்டை சுமந்து மலையேறும் ரங்கசாமிக்குக் கொஞ்சம் நிலம் வாங்க ஆசை. தோட்டத் தொழிலாளிக்கு அது புரிய ஐந்து நிமிடம் போதும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் எழ வேண்டியவர்கள். இரவு 9 மணிக்கு மேல் படம் ஓடக்கூடாது. ஆறரைக்குத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

வேற்றுமொழியில் இரண்டு மூன்று?

கன்னட 'திதி': நூற்றியொரு வயதுத் தாத்தாவின் காரியம் நடக்கும் வரையான நாட்கள். நடித்தவர்கள் மாண்டியா கிராமத்து ஆட்கள், தொழில்முறை நடிகர்கள் இல்லை. லொகார்னோவில் இரண்டு விருது. நம் வயல்கரை ஊர் எதிலும் சிரிப்பு குறையாது. அசாமிய 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' (2017): ரீமா தாஸ் தானே எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் செய்தார். கிதார் வாங்க ஆசைப்படும் சிறுமி, வெள்ளம். பேச்சு குறைவு என்பதால் எழுத்துப் படிக்க முடியாத பாட்டிமாருக்கும் ஏற்றது. மராத்தி 'கோர்ட்' (2014): நீதிமன்றம் இவ்வளவு சலிப்பானதா என்று தோன்றினால் படம் வேலை செய்கிறது என்று பொருள்.

ஜப்பானிய 'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017) கல்லூரிப் பிள்ளைகளுக்கு. எச்சரிக்கை ஒன்று: முதல் 37 நிமிடம் ஒரே ஷாட்டில் ஒரு மட்டமான பேய்ப்படம் ஓடும். நடிப்பு அசடு வழியும், கேமரா தள்ளாடும். அங்கேதான் ஆட்கள் எழுந்து போகிறார்கள். "நாற்பது நிமிடம் யாரும் எழக்கூடாது" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். காரணத்தைச் சொல்லாதீர்கள்.

படம் எடுக்க நினைக்கிற பையன்களுக்கு கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் 'ஃபாலோயிங்' (1998). 70 நிமிடம், கருப்பு வெள்ளை. எல்லாருக்கும் வேலை இருந்ததால் வார இறுதிகளில் மட்டும், ஏறத்தாழ ஒரு வருடம் எடுத்தார்கள். ஃபிலிம் சுருள் விலை கட்டுப்படியாகாததால் நாடகம்போல ஒத்திகை பார்த்துவிட்டு ஒன்று, இரண்டு டேக்கோடு முடித்தார்கள். இன்று மெமரி கார்டு மலிவு, ஆனால் ஒத்திகைதான் இல்லை.

போஸ்டரில் பதினைந்து விருது இலை முத்திரை இருக்கிறது. நம்பலாமா?

இலைகளை எண்ணாதீர்கள், ஊரைப் படியுங்கள். கட்டணம் கட்டினால் மாதந்தோறும் "சிறந்த இயக்குநர்" கொடுக்கும் இணையப் போட்டிகள் ஏராளம். திரையே கட்டாத விழாக்கள் அவை. ராட்டர்டாம், பெர்லின், லொகார்னோ, பூசான், கேரள சர்வதேசத் திரைப்பட விழாவான ஐஎஃப்எஃப்கே, மும்பையின் மாமி போன்ற பெயர் ஒன்று இருந்தால் அதற்கு எடை உண்டு. அதற்காக முத்திரை இல்லாத படம் மோசம் என்றில்லை. 'மதுபானக்கடை' (2012) ஒரு டாஸ்மாக் பாரில் ஒரே நாளைக் காட்டுகிற கமலக்கண்ணன் படம். எந்த முத்திரையைவிடவும் அதன் வசனம் பேசும்.

எங்கே கிடைக்கும்? எந்த ஓடிடி?

படங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். 'ஜஸ்ட்வாட்ச்' தளத்தில் பெயரைத் தட்டினால் இன்றைக்கு எங்கே என்று காட்டும். 'கூழாங்கல்', 'சேத்துமான்', 'சிவரஞ்சினியும்...', 'திங்களாழ்ச்ச நிச்சயம்' நான்கும் சோனிலிவ்வில் வந்தவை. ஒரு மாதச் சந்தா எடுத்து நான்கையும் முடித்துவிடலாம். கேரள அரசின் 'சிஸ்பேஸ்' 2024 மார்ச்சில் தொடங்கியது. சந்தா இல்லை, பார்க்கிற படத்துக்கு மட்டும் காசு, தொடங்கியபோது முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய்.

எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை டேட்டா தின்னும். சிக்னல் ஊசலாடுகிற மலையோரத்தில் நேரடியாக ஓட்டினால் தரம் தானாக இறங்கி, இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும். முதல் நாளே டவுன்லோடு செய்துவிடுங்கள். டிவியில் 'மோஷன் ஸ்மூத்திங்' என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் எல்லாப் படமும் சீரியல் மாதிரி வழுக்கும். அருண் கார்த்திக்கின் 'நசீர்' (2020) போன்ற படம் 4:3 சட்டகத்தில் இருக்கும், இரண்டு ஓரமும் கருப்பு. ரிமோட்டில் 'ஃபுல்' அழுத்தி இழுக்காதீர்கள். கோவைத் துணிக்கடை ஊழியர் ஒருவரின் ஒருநாளை அந்த நெருக்கடிச் சட்டகம்தான் சொல்கிறது.

திருவனந்தபுரம் விழாவுக்குப் போவது எப்படி?

குமரிக்காரர்களுக்கு இது பெரிய வரம். சென்னைக்காரர் இரவு முழுக்க ரயிலில் வரவேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து நீங்கள் காலைச் சாயா குடித்துவிட்டுக் கிளம்பலாம். ஐஎஃப்எஃப்கே வழக்கமாக டிசம்பரில் நடக்கிறது. பதிவு சில வாரம் முன்னால் இணையத்தில் திறக்கும். 2024இல் வரியோடு பொதுப்பிரிவுக்கு 1180, மாணவருக்கு 590 ரூபாய். கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்கள் தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். தாகூர் தியேட்டருக்கு ஆட்டோ வேண்டும். இருக்கை முன்பதிவு முந்தைய நாளே இணையத்தில் நடக்கும், பேசப்படும் படங்கள் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் முன்பதிவில்லா வரிசையில் முக்கால் மணி முன்னால் நில்லுங்கள். ஒரு நாளைக்கு மூன்று படம் போதும். ஐந்து பார்த்தால் இரவு எதுவும் நினைவில் இருக்காது. கடைசிக் காட்சிக்கு முன்பே திரும்பும் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூலகத்தில் ஐம்பது பேருக்குக் காட்டலாமா? ஓடிடி சந்தா எங்களிடம் இருக்கிறது.

சந்தா வீட்டுக்குள் பார்க்க மட்டும். இலவசமாகக் காட்டினாலும் அது பொதுக் காட்சிதான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனம் தன் பணியின் பகுதியாக மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன்னால் மட்டும் படம் காட்ட இடம் தருகிறது; ஊர் நூலகமும் இளைஞர் மன்றமும் அதில் அடங்காது. தணிக்கைச் சான்று இல்லாத பதிப்பையும் பொதுவில் காட்டக்கூடாது.

வழி எளிது: கேளுங்கள். படத்தின் முடிவில் ஓடும் பெயர்களிலிருந்து தயாரிப்பு நிறுவனத்தைக் கண்டுபிடித்து, ஆறு வாரம் முன்னால் மின்னஞ்சல் அனுப்புங்கள். தேதி, இடம், எத்தனை நாற்காலி, டிக்கெட் உண்டா, யார் நடத்துகிறார்கள், கோப்பைக் காட்சிக்குப் பின் அழித்துவிடுவோம் என்ற உறுதி: இவ்வளவு போதும். "தங்கள் படம் எங்களை மிகவும் பாதித்தது" என்று இரண்டு பக்கம் வேண்டாம். சின்னப் படக்காரர்கள் பலர் ஒப்புக்கொள்கிறார்கள், சிலர் ஒரு தொகை கேட்பார்கள், இயக்குநரே வந்து பேசவும் வாய்ப்புண்டு. பதில் வராமலே போகலாம். மாற்றாக இரண்டாவது படத்துக்கும் எழுதி வையுங்கள்.

வெளியாகி 60 ஆண்டு முடிந்த இந்தியப் படத்தின் பதிப்புரிமை காலாவதியாகிவிடும். பழைய கருப்பு வெள்ளைப் படங்களுக்கு இது உதவும்.

எந்த ப்ரொஜெக்டர் வாங்கலாம்? இணையத்தில் 9000 லூமென் என்று ஏழாயிரம் ரூபாய்க்கு வருகிறதே?

லூமென் என்பது வெளிச்ச அளவு. அந்த எண்ணை மறந்துவிடுங்கள். தர அளவீட்டு முறைப்படி கணக்கிட்ட 'ஆன்சி லூமென்' எவ்வளவு என்று பாருங்கள். அது எழுதியிருக்காவிட்டால் பெரும்பாலும் 200 பக்கம்தான் இருக்கும். கணக்கு இது: 8 அடி அகலம், நாலரை அடி உயரத் திரை 36 சதுர அடி. 200ஐ 36ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ஐந்தரை லூமென். தியேட்டரில் 14 முதல் 16 வரை இருக்கும். 3000 ஆன்சி என்றால் 83. ஜன்னல் முழுக்க அடைக்காத கூடத்திலும் தாங்கும். வருடத்துக்கு ஆறு காட்சிதான் என்றால் வாங்கவே வேண்டாம், திருமண வீடியோ எடுப்பவர்களிடம் வாடகைக்குக் கேளுங்கள்.

சாதாரண ப்ரொஜெக்டருக்குத் திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும்: எட்டடிக்குப் பன்னிரண்டு அடி. திரையின் அடிவிளிம்பு, நாற்காலி என்றால் தரையிலிருந்து நாலடி, பாய் என்றால் மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். இதை விட்டுவிட்டால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கும். பின்வரிசையிலிருந்து முனகல் வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். வேட்டியைத் திரையாகக் கட்டுவதானால் இரட்டையாக மடித்து, இஸ்திரி போட்டுக் கட்டுங்கள். ஒற்றைத் துணியில் வெளிச்சம் பின்னால் போய்விடும்.

பாட்டு கேட்கிறது, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஏன்?

அதிகம் வருகிற கோளாறு இது. மைக் செட்காரர் "உங்க படம் சரியில்லை" என்பார். இரண்டு காரணம் உண்டு.

முதலாவது, கம்பி. லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் இடம், வலம் என்று இரண்டு ஒலி வருகிறது. அதை மூன்று தொடுபகுதியுள்ள ஒற்றைப் பின்னோடு நேராக மிக்சரின் மைக் வாயில் சொருகினால், மிக்சர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடும். படத்தில் பேச்சு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் கழித்தால் பூஜ்யம். பக்கத்துக்குப் பக்கம் வேறுபடும் இசை மட்டும் மிஞ்சும். ஒரு பக்கம் ஹெட்போன் பின், மறுபக்கம் இரண்டாகப் பிரிந்த கால் உள்ள கம்பி கடையில் கிடைக்கும். இரண்டு காலையும் மிக்சரின் இரண்டு தனிச் சேனலில் போடுங்கள். அவசரத்துக்கு ஒரு காலை மட்டும் போட்டாலும் பேச்சு திரும்பிவிடும்.

இரண்டாவது, கோப்பு. 5.1 ஒலியில் பேச்சு நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக இருக்கும். உங்களிடம் இரண்டு ஸ்பீக்கர்தான் என்றால் அது போக இடமில்லை. லேப்டாப்பின் ஒலி அமைப்பில் 'ஸ்டீரியோ' தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு கேட்கும்போதே ஸ்டீரியோ ஒலி கேட்டுவிட்டால் இந்தப் பாடே இல்லை.

கூம்பு ஸ்பீக்கர் திருவிழாவுக்கு. படத்துக்குப் பெட்டி ஸ்பீக்கர். டைல்ஸ் தரையில் எதிரொலி அடித்தால் கோரைப்பாயை விரித்து, பின்சுவரில் தடித்த துணி தொங்கவிடுங்கள். ஆட்கள் உட்கார்ந்ததும் எதிரொலி குறையும் என்பதால் காலிக் கூடத்தில் வைத்த சத்தம் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது. சில நேரம் பேச்சுக்கு முன்னால் ஓடுகிறது.

கட்டமாக வந்தால் குறியாக்கம் தவறு. கோப்பை நோட்பேடில் திறந்து, யூடிஎஃப்-8 என்று தேர்ந்து மறுபடி சேமியுங்கள். எழுத்து வந்தும் 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனியாக நின்றால் கருவியில் சரியான தமிழ் எழுத்துரு இல்லை. நேரடியாக டிவியில் ஓட்டாமல் லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருள் வழியாக ஓட்டி, 'நோட்டோ சான்ஸ் தமிழ்' எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

நேரம் தவறினால், தொடக்கத்திலும் கடைசியிலும் ஒரே அளவு தவறுகிறதா என்று பாருங்கள். ஒரே அளவு என்றால் விஎல்சியில் ஜி, எச் விசைகளைத் தட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லி விநாடி நகரும். போகப்போக விலகினால் அது வேறு நோய்: படம் விநாடிக்கு 23.976 சட்டகம், எழுத்து 25 சட்டகப் பதிப்புக்கு எழுதியது. இரண்டு மணி நேரப் படத்தில் ஐந்து நிமிடம் விலகிவிடும், விசையால் தீராது. 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றுங்கள்.

பென் டிரைவில் படம் ஏறவே மாட்டேன் என்கிறது.

பழைய எஃப்ஏடி32 வடிவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்எஃப்ஏடிக்கு மாற்றுங்கள். சில பழைய ப்ரொஜெக்டர்களுக்கு அது புரியாது, அப்போது லேப்டாப்தான் கதி. கோப்பு எச்.264 என்ற வீடியோ சுருக்க வகையில் 1080பி இருந்தால் எந்தக் கிழட்டு லேப்டாப்பும் ஓட்டும், எச்.265 என்றால் திக்கும். எதுவானாலும் முதல் நாள் இரவு, அதே லேப்டாப், அதே கம்பி, அதே ப்ரொஜெக்டரில் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

கரண்ட் போனால்?

பல்பு ப்ரொஜெக்டர் 250, 300 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கண்சிமிட்டும் நேரத்திலேயே அது அணைந்துவிடும். சூடான பல்பு ஆறி மறுபடி எரிய ஐந்து நிமிடம். நடுவில் ஒரு 600 விஏ யூபிஎஸ் வைத்தால் அந்த இடைவெளி தெரியாது, ஜெனரேட்டர் போடவும் சில நிமிடம் கிடைக்கும். ஸ்பீக்கரை அந்த யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், தாங்காது. லேப்டாப், மிக்சர், ப்ரொஜெக்டர் மூன்றுக்கும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து இணைப்பு எடுத்தால் ஸ்பீக்கரில் வரும் 'ங்' என்ற இரைச்சலும் பெரும்பாலும் போய்விடும்.

படம் முடிந்தவுடன் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டாம். உள்ளே ஃபேன் நிற்கும் வரை ப்ரொஜெக்டருக்குக் கரண்ட் இருக்கட்டும். அந்த நேரத்தில் பாயைச் சுருட்டலாம்.